குகநேசன் சேரின் பேசும் சிடி

நுவரெலியாவுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் குகநேசன் அந்தக் குளிரோடு சமாதானமாகவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவாக அடிக்கிற குளிர், தன்னை மட்டும் தனியாகத் தேடி வருகிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஏப்ரல் மாதம் கொழும்புச் சனம் மெல்லிய சட்டையோடு குதிரைப் பந்தயம் பார்க்கப் போகும்போதும், இவர் காதை மூடிய கம்பளித் தொப்பியும் கழுத்தில் இரண்டு சுற்று மப்ளருமாக எதிரே வருவார். யாழ்ப்பாணத்தில் வெயில் குடித்து வளர்ந்த உடம்பு, என்ன செய்வது என்று தானே தன்மீது இரக்கப்பட்டுக்கொள்வார்.

ஆசிரியர்களுக்குக் கம்பியூட்டர் பழக்கும் நிலையம் ஒன்றில் அவர் போதனாசிரியர். நல்ல மனிதர். கெட்டிக்காரர். ஒரு விஷயத்தை ஒருதடவை விளங்கப்படுத்துவது மட்டும் அவருக்குப் போதாது. முதலில் விளங்கப்படுத்துவார், பிறகு அதை ஏன் அப்படி விளங்கப்படுத்தினார் என்று விளங்கப்படுத்துவார். கரும்பலகையில் 'தட்டச்சு' என்று எழுதும்போது ஒற்று விடுபட்டுவிட்டதோ என்று வகுப்பின் பின்வரிசை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவரிடம் படித்த ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைப்போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

2008ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, வெள்ளைப் பிரம்போடு ஒரு பெண் நிலையத்துக்குள் வந்தாள். குடையை மடக்கி வாசலில் உதறிவிட்டு, யாரையும் கேட்காமல் சுவரோரமாக நடந்து, கதிரை முட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். பெயர் ஜெயலெட்சுமி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாற்று ஆசிரியை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. அதற்குப் பிறகுதான் விடுதிப் பள்ளி, பல்கலைக்கழகம், ஆசிரிய நியமனம் எல்லாம்.

"எங்க ஸ்கூலுக்கு ரெண்டு கம்பியூட்டர் குடுத்திருக்காங்க சேர். புள்ளைங்க பழகுதுங்க. நானும் பழகணும்."

குகநேசன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சங்கடமான விஷயத்தைச் சொல்வதற்கு முன் அவர் அதைத்தான் செய்வார்.

"ரீச்சர், கொம்பியூட்டர் எண்டால் அது முழுக்க முழுக்கப் பாக்கிற சாமான். அதுக்குப் பார்வை வேணுமெல்லோ."

"வேணாம் சேர். காது போதும். நெட்டுல இலவசமா ஒண்ணு இருக்காம். ஸ்கிரீன்ல இருக்கறத அது வாசிச்சுச் சொல்லுமாம். கெம்பஸ்ல படிச்சப்ப வேற ஒண்ணு வச்சிருந்தாங்க. அது கொஞ்ச நேரம் பேசிட்டு வாய மூடிக்கும், முழுசாப் பேசணும்னா காசு கட்டணும். இது அப்படியில்லையாம். எங்க தோட்டத்துல நெட்டு இல்ல. அதான் வந்தேன்."

குகநேசனுக்கு இப்படியொரு சாமான் இருப்பதே தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "ஓமோம், பாப்பம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தேடினார். கிடைத்தது. மழைக்கு இணைப்பு அறுந்து அறுந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் முழுதாக இறங்கியது. நிலையத்துக் கம்பியூட்டரில் போட்டதும், மூக்கடைத்த ஆள் ஒருவர் இரும்புப் பீப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல ஒரு குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசத் தொடங்கியது. ஜெயலெட்சுமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையில் கை வைத்தாள். அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு அவளுக்குக் குகநேசன் அங்கே இருப்பதே ஞாபகம் இல்லை.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"சேர், அது தமிழ வாசிக்க மாட்டேங்குது. போன தவணை வினாத்தாளத் தெறந்தா, 'எம், கே, செமிகோலன், கே, எச்'னு சொல்லுது."

அதுவரை எல்லாப் பாடசாலைகளிலும் தமிழ் தட்டச்சு செய்தது பழைய எழுத்துரு ஒன்றில். கண்ணுக்குத்தான் அது 'அம்மா'. கம்பியூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் குவியல். திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை, ஆகவே உள்ளதை உள்ளபடி வாசித்தது. ஒற்றுக்காக வகுப்பின் பின்வரிசை வரை போகிற மனிதருக்கு, தான் இவ்வளவு காலம் பழக்கியது தமிழே இல்லை என்று ஒரு இயந்திரம் சொன்னது கொஞ்சம் வலித்தது.

"அதுக்கு வேறை எழுத்துரு போடவேணும் ரீச்சர். தமிழ்க் குரலும் தனியாப் போடவேணும். நான் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ. வலது பக்கம், அடிமூலையிலை, சின்னனா ஒரு படம் தெரியுதோ?"



"சேர், நீங்க யாருகூடப் பேசுறீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

குகநேசன் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வசனத்திலேயே "அப்ப அந்தப் பச்சைப் பெட்டியை..." என்று தொடங்கி, மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

போனில் இது சரிவராது என்று அன்றைக்கு முடிவெடுத்தார். எல்லாவற்றையும் ஒரே சிடியில் கட்டிவிட வேண்டும். வாசிப்பான், தமிழ்க் குரல், எழுத்துரு, விசைப்பலகை, பழைய கோப்புகளைப் புதிய எழுத்துக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள் ஒன்று. சிடியைப் போட்டால் எல்லாம் வரிசையாகத் தானே உள்ளே போய் உட்கார வேண்டும். இணையம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. இப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்க்க, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மென்பொருளின் உரிமப் பத்திரத்தை முழுதாக வாசித்தார். பிரதி எடுக்கலாம், மாற்றலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. அதுவரை அவர் கைபட்ட சிடிகளில் பெரும்பாலானவை யாரோ யாருக்கோ ஒளித்துக் கொடுத்தவை. ஒளிக்கத் தேவையில்லாத சிடி ஒன்றை எப்படிக் கையில் பிடிப்பது என்றே முதலில் தெரியவில்லை.

வேலை லேசாக இல்லை. ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வந்தது. தமிழ்க் குரல் வந்தால் விசைப்பலகை காணாமல் போனது. இடைவேளை நேரங்களில் அதிலேயே கிடந்தார். சிடி ஒன்று தயாரானபோது அதன் முகப்புக்கு ஒரு படம் போட்டார். பச்சைத் தேயிலை மலை, மேலே மூடுபனி, நடுவில் அழகான எழுத்தில் 'நல்வரவு', கீழே 'அடுத்து' என்று ஒரு பொத்தான். நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சிடி அக்கரப்பத்தனைக்குப் போனது. போன் வந்தது.

"சேர், பழைய வாசிப்பான எடுத்துட்டு சிடிய போட்டாச்சு. சத்தத்தையே காணோம்."

"அங்கை ஒரு படம் வந்திருக்குமே."

"எங்க ஸ்கூல் அதிபர் சொல்றாரு, படம் நல்லா இருக்காம். மலையெல்லாம் தெரியுதாம்."

"அதுக்குக் கீழை 'அடுத்து' எண்டு..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஜெயலெட்சுமி சிரிக்காமல்தான் சொன்னாள். "பேசுற சாமான ஊமைப் பெட்டியில போட்டு அனுப்பியிருக்கீங்க சேர். அது பேசணும்னா நான் மொதல்ல பாக்கணும். எனக்குப் பார்வை இருந்தா அது எதுக்கு? நீங்க கண்ண மூடிக்கிட்டு ஒருதடவை போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியும் இருக்கவில்லை. அன்று பின்னேரம் வகுப்பில் அவர் எதையும் இரண்டாம்தடவை விளங்கப்படுத்தவில்லை. ஆசிரியர்கள் சேருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சிடியில் படத்தைத் தூக்கிவிட்டார். போட்ட உடனேயே பேச வேண்டும் என்று முடிவு செய்து, என்ன செய்ய வேண்டும் என்பதைத் தன் குரலிலேயே பதிந்தார். பதியும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்கும் பாவனையில் எழுந்து நின்றார். "பெருமதிப்புக்குரிய பயனாளர்களே" என்று தொடங்கினார். திரைவாசிப்பான் என்றால் என்ன, அதன் அவசியம் என்ன, திறந்த மூலம் என்ற கொள்கையின் மேன்மை என்ன என்றெல்லாம் சொல்லி, உதவிய அனைவருக்கும் நன்றி கூறி, கடைசியில், "இப்பொழுது நுழைவு விசையினை மெதுவாக அமத்துங்கோ" என்று முடித்தார். செந்தமிழில் ஏறிய மனிதர், களைத்துப்போய், கடைசிச் சொல்லில் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

இந்தமுறை ஜெயலெட்சுமி போனில் கூப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டாள்.

"வேல செய்யுது சேர். எல்லாம் சரியா உள்ள போயிருச்சு."

குகநேசனுக்குக் குளிர் கொஞ்சம் குறைந்தது.

"ஆனா ஒண்ணு. ஸ்டாப் ரூம்ல போட்டப்ப, செய்தி போகுதுன்னு எல்லாரும் ரேடியோவத் தேடுனாங்க. ரெண்டாவது கம்பியூட்டர்ல போட்டேன், மறுபடியும் மொதல்ல இருந்து பெருமதிப்புக்குரிய. எதுவும் அமுக்கி நிப்பாட்ட முடியல. அதிபர் டீ குடிச்சு முடிச்சுட்டாரு, நீங்க இன்னும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அப்புறம் நுழைவு விசைன்னா என்ன சேர்?"

"என்டர்."

"அப்ப என்டர்னே சொல்லிருக்கலாமே."

குகநேசனுக்கு மனம் நொந்தது. வெளிக்காட்டவில்லை என்று அவர் நினைத்தார். மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டதை ஜெயலெட்சுமி பார்க்கவில்லை, ஆனால் கதிரை கிரீச்சிட்டுப் பின்னால் போனதைக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க குரல் நல்ல குரல்தான். கூட்டத்துக்குத் தோதான குரல். இதுக்கு, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்தாப் போதும்."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோவன்," என்றார் குகநேசன். கோபத்தில்தான் சொன்னார். சொன்ன பிறகு அது நல்ல யோசனையாகப் பட்டது.

நிலையத்துக்குத் தகரக் கூரை. மழை விடும்போதெல்லாம் பதிவு செய்தார்கள். மழை வரும்போதெல்லாம் தேநீர் குடித்தார்கள். ஜெயலெட்சுமி எழுதி வைத்துப் பேசவில்லை. "வணக்கம். சிடி உள்ள போயிருச்சு. என்டர ஒருதடவ அமுக்குங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் இடைவெளி. "இப்ப வேல நடக்குது. அவசரப்படாதீங்க." கடைசியில், "ஆச்சு. இனிமே வேற ஒருத்தரு பேசுவாரு. குரல் ஒரு மாதிரியா இருக்கும், போகப்போகப் பழகிரும்." அவ்வளவுதான். குகநேசன், 'நன்றி' என்று ஒரு சொல்லாவது சேர்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். சேர்க்கவில்லை.

அந்தப் பதிப்பைப் பற்றிச் செய்தி பரவியது. பார்வையில்லாத ஆசிரியர்களும் வேறு வேலை செய்பவர்களுமாகச் சிலர் ஹட்டனில் ஒன்றுகூடும் வழக்கம் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிடி கொண்டுவாருங்கள் என்று ஜெயலெட்சுமி குகநேசனிடம் சொன்னாள். குகநேசன் சிடிகளை எழுதி, பத்திரிகைத் தாளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அப்போது 2009 தொடங்கியிருந்தது. வடக்கில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். குகநேசனின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி. பையில் இறுக்கிக் கட்டிய பொதி. தலையில் முகத்தில் பாதியை மறைக்கும் தொப்பி.

என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ் கொஸ்தாப்பல். குகநேசனின் சிங்களமும் அவருடைய தமிழைப் போலவே புத்தகத்திலிருந்து வந்தது. பார்வையற்றோருக்கான ஒலிவழிக் கருவி என்று ஏதோ இலக்கணச் சுத்தமாகச் சொன்னார். கொஸ்தாப்பலுக்கு விளங்கிய ஒரே சொல் 'கருவி'. பஸ் போய்விட்டது. குகநேசனும் பொதியும் கொஸ்தாப்பலோடு பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

அங்கே ஒரு சார்ஜன் இருந்தார். வயதானவர், நிதானமானவர். சிடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று நிலையத்துக் கம்பியூட்டரில் போட்டார். ஜெயலெட்சுமியின் குரல், "வணக்கம், சிடி உள்ள போயிருச்சு" என்றது. என்ன சொல்கிறாள் என்று சார்ஜன் கேட்டார். என்டரை அமத்தச் சொல்கிறாள் என்று குகநேசன் மொழிபெயர்த்தார். கேட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். சார்ஜன் அமத்திவிட்டார்.

எல்லாம் அழகாக உள்ளே போய் உட்கார்ந்தன. அவ்வளவு சுத்தமாக அது எங்கேயும் வேலை செய்ததில்லை. இரும்புப் பீப்பாக் குரல் எழுந்து, பொலிஸ் நிலையத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கியது. சிங்களம் அதற்குத் தெரியாது. அதற்காக அது நிறுத்தவும் இல்லை. தெரியாத எழுத்து, தெரியாத எழுத்து என்று ஆங்கிலத்தில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கள் மாத்தயா," என்றார் சார்ஜன்.

குகநேசன் மவுஸைப் பிடித்தார். அது அசையவில்லை. அது செத்துப்போய்க் கனகாலம், நாங்கள் விசைகளால்தான் சமாளிக்கிறோம் என்றார் கொஸ்தாப்பல். குகநேசனுக்குக் கை வியர்த்தது. நுவரெலியா மாவட்டத்தில் அவர் கை வியர்த்தது அதுதான் முதல்தடவை. உள்ளே வருவதற்கு அவ்வளவு பாடுபட்டு வழி செய்தவர், வெளியே போவதற்கு ஒரு வழியும் வைக்கவில்லை. விசையால் அதன் வாயை மூடுவது எப்படி என்று அவருக்கு நினைவும் வரவில்லை. அவர் எப்போதும் மவுஸால்தானே மூடுவார்.

அனுமதி கேட்டு ஜெயலெட்சுமிக்குப் போன் எடுத்தார்.

"எங்க சேர் இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"பொலிஸிலை."

"ஐயோ, என்னாச்சு?"

"எனக்கு ஒண்டுமில்லை. அது கதைக்குது. நிப்பாட்டத் தெரியேல்லை."

பின்னால் ஒலித்த குரலை அவள் கேட்டிருக்க வேண்டும். மிகவும் அடக்கமாக, "இன்ஸர்ட்ட அமுக்கிக்கிட்டே க்யூவத் தட்டுங்க. அப்புறம் என்டர்" என்றாள். தட்டினார். பொலிஸ் நிலையம் அமைதியானது. கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

கொஸ்தாப்பலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சார்ஜன் மட்டும் யோசனையாக இருந்தார். இது சிங்களம் பேசுமா என்று கேட்டார். இதில் இன்னும் இல்லை என்றார் குகநேசன். யாராவது செய்ய வேண்டும் என்று சார்ஜன் சொன்னார். பொதியைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. பஸ் நிலையத்தில் ஜெயலெட்சுமி மட்டும் காத்திருந்தாள். பயந்துபோயிருந்தாள் என்பது அவள் பிரம்பைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. பக்கத்தில் வந்து அவர் தும்மியதும் பயம் போய்விட்டது.

"இதக் கண்ண மூடிக்கிட்டுப் போட்டுப் பாருங்கன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள்.

இந்தமுறை கேட்டார். திங்கட்கிழமை தொடக்கம், இடைவேளை மணி அடித்ததும் குகநேசன் மொனிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல்நாள் ஒரு கோப்பைத் திறப்பதற்கே இடைவேளை போதவில்லை. இடையில் கண்ணைத் திறந்து பார்க்க ஆசை வரும். பார்த்தாலும் கறுப்புத் திரைதான். ஒருநாள் மேலதிகாரி திடீரென்று பார்வையிட வந்தார். உயிரில்லாத திரைக்கு முன்னால், கண்ணை மூடி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, லேசாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் போதனாசிரியரைக் கண்டார். தட்டி எழுப்பினார். குகநேசன் விளங்கப்படுத்தினார். பிறகு ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் விளங்கப்படுத்தினார். மேலதிகாரி அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்கு முன்னறிவித்துவிட்டே வந்தார்.

இப்படிக் காதால் பழகியதில் குகநேசனுக்குத் தன் சிடியின் குற்றங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. எங்கே அது காரணமில்லாமல் மௌனமாக நிற்கிறது, எங்கே ஒரே கேள்வியை இரண்டுதடவை கேட்கிறது என்று கண்டுபிடித்தார். வெட்டினார். குறைத்தார். வெளியே போவதற்கும் ஒரு வழி வைத்தார். அதற்கும் ஜெயலெட்சுமிதான் வந்து பேசிக் கொடுத்தாள்: "எடுத்துரலாமா? எடுத்துட்டா நான் பேச மாட்டேன். யோசிச்சு என்டர அமுக்குங்க."

அந்த வருடக் கடைசியில் ஹட்டனில் மறுபடி கூடினார்கள். ஒரு மண்டபத்தில் இரவல் வாங்கிய கம்பியூட்டர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். குகநேசன் வெள்ளனவே போய்விட்டார். யாருக்கு என்ன சந்தேகம் வரும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். சிடிகள் பகிரப்பட்டன. ஒவ்வொருவரும் தடவித் தட்டைத் திறந்து, சிடியை வைத்து, உள்ளே தள்ளினார்கள். ஜெயலெட்சுமியின் குரல் ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் முன்பின்னாக வணக்கம் சொன்னது; என்டரைத் தட்டினார்கள்.

கினிகத்தேனையில் போன் கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் என்பவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இந்தப் புள்ள யாரு? நல்லாப் பேசுதே. கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க. அவசரப்படாதீங்க, வேல நடக்குது," என்றாள் அடுத்த கதிரையில் இருந்த ஜெயலெட்சுமி. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

குகநேசன் வரிசைக்குப் பின்னால் மேலும் கீழுமாக நடந்தார். எல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. யாரும் 'சேர்' என்று கூப்பிடவில்லை. ஒருவருக்கு ஏதாவது சிக்கல் வராதா என்று ஒரு கட்டத்தில் அவருக்கு ஆசையாகக்கூட இருந்தது. வரவில்லை. மெதுவாக வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு வடை வாங்கிக் கடித்துக்கொண்டு நின்றார். மனம் நிறைந்தும் இருந்தது, கொஞ்சம் சுணங்கியும் இருந்தது.

பிரம்புச் சத்தம் கேட்டது.

"சேர், இருக்கீங்களா?"

"இருக்கிறன்."

"உள்ள உங்க சத்தத்தையே காணோம். அதான் வந்தேன்."

"எனக்கு அங்கை வேலையொண்டும் இல்லை ரீச்சர்."

"அதத்தான் எல்லாரும் சொல்றாங்க. யாரையும் கேக்க வேண்டியதில்லாமப் போச்சாம்." வாசனை பிடித்து, "வடையா?" என்றாள். அவர் இன்னொன்று வாங்கி அவள் கையில் வைத்தார். சூடாக இருந்தது, ஊதிக்கொண்டே சொன்னாள், "ஒரு கொற இருக்கு சேர். வேல முடிஞ்சப்புறம் சிடிய வெளிய எடுக்கலாம்னு அது சொல்ல மாட்டேங்குது. முத்துலிங்கண்ணன் இன்னும் கம்பியூட்டரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"சிடியை எடுக்கிறது எண்டால் அதிலை ஒரு விஷயம் இருக்கு," என்று குகநேசன் வடையை மற்றக் கைக்கு மாற்றினார். தலவாக்கலை வரை இருவருக்கும் ஒரே பஸ். அது வந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை. அவளும் நடுநடுவே, "அது வேணாம் சேர், ரெண்டு சொல்லு போதும்" என்று வெட்டிக்கொண்டே வந்தாள்.